லாரித் தார்ப்பாயில் தைத்த புல்லட் பை: 1,500 கிலோமீட்டர் ஓட்டியபின் எழுதுகிறேன்

புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடும் பையின் நீள அகலத்தையெல்லாம் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தார்ப்பாய் தைக்கும் அண்ணன் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. “வண்டி எங்கெங்க தம்பி? சட்டை தைக்கறதுன்னா ஆளு வேணுமில்லீங்களா? வண்டியக் கொண்டாங்க” என்றார். மறுநாள் காலை புல்லட்டைக் கொண்டுபோய் அவர் கடை வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டறைகளை நம்பியே வெல்டிங் கடை, பெயின்ட் கடை, தார்ப்பாய்க் கடை என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்தக் கடையும் அதில் ஒன்று. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பெரிய தையல் மெஷின், தரை முழுக்கப் பச்சைத் துணி, அண்ணனும் அவர் மகனும், அவ்வளவுதான்.

வண்டி 1986-ஆம் வருடத்து புல்லட் ஸ்டாண்டர்ட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது கால் கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். அப்பா முட்டை வியாபாரத்துக்கு வாங்கியது. பின் கேரியரில் முட்டை அட்டைகளை அடுக்கி, சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார். அந்தக் கேரியர் இரண்டு தடவை விரிசல் விட்டு வெல்டிங் வைத்த தழும்பு இன்னும் இருக்கிறது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர். அதன் ஒவ்வொரு அடியும் கேரியரின் கடைசி போல்ட் வரைக்கும் போய்ச் சேரும். இந்த வண்டியில் எதைப் பொருத்தினாலும் அந்த அதிர்வைத் தாங்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

போன வருடம் ஆன்லைனில் ஒரு நைலான் பை வாங்கினேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். சீட்டின் மேல் இரண்டு பட்டை, கீழே பிடிமானம் எதுவும் இல்லை. கரூர் தாண்டுவதற்குள் வலப்பக்கப் பை இறங்கி சைலன்சரில் உட்கார்ந்து உருகிவிட்டது. இடப்பக்கப் பட்டை அவிழ்ந்து செயினுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் தொங்கியதைப் பார்த்தபோது உடம்பு நடுங்கியது. செயினில் பட்டை சிக்கியிருந்தால் பின்சக்கரம் அப்படியே நின்றிருக்கும். அதனால் இந்தத் தடவை முதலில் இரும்பு, பிறகுதான் துணி என்று முடிவெடுத்தேன்.

அண்ணனே பக்கத்து வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. “சேஸில நெருப்பு வெக்க மாட்டனுங்க. எல்லாமே போல்ட்டுல வர்ற மாதிரி பண்ணிக்கலாம்.” வண்டியின் அடிச்சட்டத்தில் வெல்டிங் வைக்க மாட்டாராம். 10 மில்லிமீட்டர் ராடை வளைத்து இரண்டு பக்கத்துக்கும் ஸ்டே, அதாவது பையைத் தாங்கும் இரும்புச் சட்டம், செய்தார். மேல்முனை ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில், கீழ்முனை பின்சீட்டுக்காரரின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில். மூன்றாவது பிடிதான் முக்கியமானது: நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்டேயையும் சேர்க்கும் குறுக்கு ராடு. அது இல்லாவிட்டால் குழியில் இறங்கும்போது ஸ்டே உள்பக்கமாக வளைந்து சக்கரத்தை நோக்கிப் போகும். வெல்டிங் முடித்ததும் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து அமுக்கச் சொன்னார். ஷாக் முழுசாக இறங்கும்போது டயரும் செயினும் எங்கே வருகின்றன என்று கீழே குனிந்து பார்த்தார். அதைப் பார்த்துத்தான் பை தொங்க வேண்டிய உயரத்தைச் சாக்பீஸால் குறித்தார்.

பை 15 அங்குல நீளம், 11 உயரம், 7 அகலம். இன்னும் பெரிதாக வேண்டும் என்றுதான் கேட்டேன். அண்ணன் மறுத்துவிட்டார். பெரிய பை பின்சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் போகும், பாரம் அங்கே போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும் என்பது அவர் கணக்கு. லாரியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு, புல்லட்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. மெழுகு ஏற்றிய பருத்தித் தார்ப்பாய், இரட்டைத் தையல், அடியில் இன்னொரு மடிப்புத் துணி, மூலைகளில் பித்தளை ஐலெட் (துளையைச் சுற்றிய வளையம்). தையல் ஓடிய இடமெல்லாம் மெழுகுக்கட்டியைத் தேய்த்துவிட்டார். வலப்பக்கப் பைக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தகடு.

ஆடி மாதம் ஒன்பது நாள் பயணம். இடப்பக்கப் பையில் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிளக், பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர், ஒரு டியூப், டயர் லீவர், அரை லிட்டர் இன்ஜின் ஆயில். வலப்பக்கத்தில் துணியும் தண்ணீர் கேனும். மளிகைக்கடைத் தராசில் நிறுத்து ஒரு பக்கத்துக்கு ஏழு கிலோ என்று சமப்படுத்தினேன். பின் டயருக்கு 32 காற்று.

மதுரை, ராமநாதபுரம் வழியாகப் பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். காற்று பக்கவாட்டில் தள்ளியது, ஆனால் பை ஸ்டேயோடு ஒட்டியே இருந்தது. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை போய்த் திரும்பி, அன்றைக்கே ராமேஸ்வரத்தில் நல்ல தண்ணீரால் ஸ்டேயையும் போல்ட்டையும் கழுவினேன். உப்பு இரும்பைத் தின்ன ஒரு ராத்திரி போதும்.

உண்மையான சோதனை முப்பந்தலில். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இடப்பக்கத்தில் வந்து மோதும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அன்றைக்கு உடம்பால் உணர்ந்தேன். அண்ணன் 7 அங்குலத்துக்கு மேல் அகலம் தரமாட்டேன் என்று நின்றதற்கு அந்த இடத்தில் மனசார நன்றி சொன்னேன். நைலான் பை அன்றைக்கு இருந்திருந்தால் பாய்மரமாக மாறியிருக்கும். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் சாய்ந்தபடியே நேராகப் போனது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், ஏறும்போதும் மழை, இறங்கும்போதும் மழை. டிரம் பிரேக் நனைந்துவிட்டதால் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஒரு வளைவில்கூடப் பாரம் வண்டியை வெளியே இழுக்கவில்லை. ராத்திரி திறந்து பார்த்தபோது வலப்பக்கப் பையின் ஒரு அடிமூலையில் மட்டும் ஈரம் கசிந்திருந்தது. துணிகளை உரமூட்டையின் உள்பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்ததால் ஒன்றும் நனையவில்லை. அந்த யோசனையும் அண்ணன் கொடுத்ததே.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். மூன்று நாளில் தருவதாகச் சொன்ன பை ஒன்பதாவது நாள்தான் கைக்கு வந்தது. லாரிக்காரர் வந்தால் அவருக்குத்தான் முதலில். பையைக் கழற்றினால் தூக்கிப் போக கைப்பிடி இல்லை. இடப்பக்கப் பையைக் கழற்றாமல் டூல் பாக்ஸைத் திறக்க முடியாது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் குதிகால் பையில் இடிக்கிறது, ஆகவே ஜோடியாகப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. புது மெழுகு முதல் வாரம் பேன்ட்டில் ஒட்டும். குறுக்கு ராடின் ஒரு நட் திருநெல்வேலியில் தளர்ந்திருந்தது. சாதா நட்டுக்குப் பதிலாக, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போட்டபின் அசையவில்லை. நீங்கள் செய்தால் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டேக்கு 2,800 ரூபாய், ஒரு ஜோடிப் பைக்கு 3,600. கசிந்த மூலையைக் காட்டியதும் பழைய தையலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கைப்பிடியும் வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. வண்டியோடு போங்கள், காலை பத்து மணிக்கு முன்னால் போனால் உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்கும்.