தலை, கழுத்துத் தோல் புற்று: அறுவைச் சிகிச்சையோடு எதைச் சேர்ப்பது?

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புற்றுநோய் என்றதும் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையே முதலில் நினைவுக்கு வரும். வாய்ப்புற்றைப் பற்றி அக்குடும்பங்களில் பலருக்குத் தெரியும். தோல் புற்று இந்தியர்களிடையே அரிது. அதனாலேயே, காதோரத்திலோ உதட்டிலோ பழைய தீக்காயத் தழும்பிலோ ஆறாமல் நிற்கும் புண்ணுக்குக் களிம்பு தடவி மாதங்களைக் கடத்திவிட்டு, கழுத்தில் நெறி கட்டிய பிறகு மருத்துவரிடம் போகிற நிலை ஏற்படுகிறது. தோலின் மேலடுக்குச் செல்களில் தோன்றும் செதிள் செல் வகைப் புற்று, நெறி எனப்படும் நிணநீர் முடிச்சின் உறையைத் தாண்டி வெளியே பரவியிருந்தாலோ, எலும்பை அரித்திருந்தாலோ, நரம்பு வழியே ஊர்ந்திருந்தாலோ, எடுத்த இடத்திலேயே மீண்டும் முளைத்திருந்தாலோ அதை உயர் ஆபத்து நோயாகக் கொள்கிறார்கள்.

அடிப்படைச் சிகிச்சையில் பெரிய சர்ச்சை இல்லை. கட்டியையும் முடிச்சுகளையும் அறுவை மூலம் நீக்கி, பிறகு 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சின் அளவலகு) வரை கதிர்வீச்சை, அதாவது நம் மக்கள் சொல்லும் 'கரண்ட்' சிகிச்சையை, ஆறு வாரங்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதனுடன் வேறு எதையாவது சேர்ப்பதா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

முதல் போட்டியாளர் கீமோ. கதிர்வீச்சுடன் வாரந்தோறும் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு 2018இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் நோய் திரும்பாதவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 88 சதவீதம், கார்போபிளாட்டினும் பெற்றோரில் 89 சதவீதம். இந்த நோய்க்கு வழக்கமாகக் கார்போபிளாட்டின் சேர்க்க இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியின் கதை வேறு. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த 415 பேரிடம் அவ்வகையைச் சேர்ந்த செமிப்ளிமாப் மருந்தை வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளிவந்தது. 24 மாதங்களில் நோயின்றி இருந்தோர் மருந்துப் பிரிவில் 87.1 சதவீதம், மற்றதில் 64.1 சதவீதம். கடும் பக்கவிளைவுகள் 14 சதவீதத்திலிருந்து 24 சதவீதமாகக் கூடின. ஆயுளை நீட்டுகிறதா என்பதற்கு அந்த அறிக்கை விடை தரவில்லை. ஆயினும் நோய் மீள்வதை இவ்வளவு குறைப்பதை நான் மிகப் பெரிய பலனாகவே கருதுகிறேன். அதே வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்தை இதே கட்டத்தில் சோதித்த ஆய்வோ பலன் தெரியாமல் 2024இல் நிறுத்தப்பட்டது. ஆகவே ஒன்று கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பதில் மற்றொன்று என்று லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன், இந்த நோய்க்கு அந்த மருந்தில் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். டாடா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட, நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை 20 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தந்து செலவைச் சுருக்கிய ஆய்வு பெருமைக்குரியது. ஆனால் அது குணப்படுத்த இயலாத நிலையிலிருந்த வாய், தொண்டைப் புற்று நோயாளிகளுக்கானது, தோல் புற்றுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

மூன்றாவது வழி, அறுவைக்கு முன்பே செமிப்ளிமாப் கொடுப்பது. 79 பேருக்கு நான்கு தவணை வரை தந்த 2022 ஆய்வில், வெட்டியெடுத்த திசுவில் புற்றுச் செல்லே இல்லாதவர்கள் 51 சதவீதம். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு என்பதால் இதை வெற்றி என்று அறிவிக்க முடியாது. எனினும் கண்ணையோ மூக்கையோ இழக்க நேரிடும் நோயாளி, கத்தி வைக்கும் முன் டியூமர் போர்டில், அதாவது பல துறை மருத்துவர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டத்தில், இந்த வழியைப் பேசச் சொல்வது அவருடைய உரிமை.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு இந்த ஒப்பீடே மாறிவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளால் அவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு அதிகம். இம்யூனோதெரபி கொடுத்தாலோ பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கக்கூடும். அவர்களுக்கு நல்ல அறுவையும், நடுவில் விடாமல் முடித்த கதிர்வீச்சும், சிறுநீரக மருத்துவரோடு கலந்து மாற்றியமைத்த மாத்திரைகளுமே முதன்மையான வழி.