கூறைச் சேலையின் சிவப்பு: எந்தப் பட வியூவரை நம்பலாம்?

பம்பலப்பிட்டிக் கலியாண மண்டபம் ஒன்றில் எடுத்த ஒரே ஜேபெக் படம். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் மணமகளின் கூறை அரக்குச் சிவப்பு. ஃபோல்டருக்குள் போய் இரட்டைக் கிளிக் செய்தால் கண்ணைக் குத்தும் சிவப்பு, முகத்திலும் குங்குமம் அப்பியது போல ஒரு செம்மை. குரோமுக்குள் இழுத்துப் போட்டால் மறுபடி அரக்கு. கொழும்பில் ஆல்பம் செய்கிறவர்கள் இந்த நிலையில் முதலில் லாப்காரரோடு சண்டை பிடிப்பார்கள், பிறகு கொம்பியூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாஸாவுக்குப் போய் மொனிட்டர் விலை கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே வேண்டியதில்லை. பார்க்கும் மென்பொருளை மாற்றினாலோ, அதற்குள் ஒரு டிக்கைப் போட்டாலோ போதும்.

ஒரு வியூவர், அதாவது படம் பார்க்கும் மென்பொருள், இரண்டு ஐசிசி புரொஃபைல்களை, அதாவது நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் விவரங்களைப் படிக்க வேண்டும். ஒன்று படத்துக்குள் இருப்பது: ‘இந்த எண்கள் எஸ்ஆர்ஜிபி’ (சாதாரணத் திரைகளின் பொது நிற அளவு) அல்லது ‘அடோபி ஆர்ஜிபி’ (அதைவிட அகன்றது) என்று சொல்வது. மற்றது விண்டோஸில் மொனிட்டருக்கென்று பதிந்திருப்பது. இரண்டையும் படித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு எண்களை மாற்றித் தந்தால்தான் நிறம் சரி. முதலாவதை மட்டும் படித்துவிட்டு எல்லாத் திரையையும் எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. சாதாரணத் திரையில் அந்தக் குறை தெரியாது. எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற பி3 நிறப்பரப்புள்ள ஓஎல்இடி லப்டொப்பில் அப்பட்டமாகத் தெரியும்.

இதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். ஃபோட்டோஷொப்பில் 255, 0, 0 சிவப்பை நிரப்பிய படம் ஒன்றை எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு சேமியுங்கள். சோதிக்க வேண்டிய வியூவரில் அதைத் திறந்து, பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தி, பெயின்டில் ஒட்டி, நிறம் எடுக்கும் கருவியால் தொட்டு எண்ணைப் பாருங்கள். பி3 திரைக்குச் சரியான புரொஃபைல் பதிந்திருந்தால், நிறம் நிர்வகிக்கும் வியூவர் 234, 51, 35 அளவில் காட்டும். 255, 0, 0 அப்படியே வந்தால் அது எதையும் மாற்றவில்லை. திரையே எஸ்ஆர்ஜிபி அளவானதென்றால் இந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. ஆனால் அங்கே சிக்கலும் சிறியதுதான்.

இனிப் போட்டியாளர்கள்.

பழைய விண்டோஸ் ஃபோட்டோ வியூவர், அதாவது விண்டோஸ் 7 காலத்தது. இரண்டு புரொஃபைலையும் படிக்கும். எஃப்11 அழுத்தி ஸ்லைட் ஷோவாக ஓட்டினால் மட்டும் கைவிட்டுவிடும், ஆகவே வாடிக்கையாளருக்கு அப்படி ஓட்டிக் காட்டாதீர்கள். இதன்மேல் வரும் முறைப்பாடு வேறு: மணவறையின் வெள்ளைப் பூ எல்லாம் மஞ்சள், படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம்கூட மஞ்சள். இன்னொன்று, 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் சிறு ஜேபெக்குக்கும் ‘மெமரி போதாது’ என்று வரும் செய்தி. இரண்டுக்கும் வழக்கமான காரணம் கெட்டுப்போன மொனிட்டர் புரொஃபைல். பெரும்பாலும் மொனிட்டர் டிரைவரோடு விண்டோஸ் அப்டேட் கொண்டுவந்து போட்டது. மற்ற மென்பொருள்கள் அந்தப் புரொஃபைலைத் திறந்தே பார்க்காததால்தான் வெள்ளையாகக் காட்டுகின்றன. மஞ்சளாகக் காட்டுகிற இதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்பது கேட்க விசித்திரமாக இருக்கும்.

சரிசெய்ய: ஸ்டார்ட்டில் ‘கலர் மேனேஜ்மென்ட்’ என்று தேடித் திறந்து, டிவைசஸ் பக்கத்தில் சரியான மொனிட்டரைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு திரை இருந்தால் ‘ஐடென்டிஃபை மொனிட்டர்ஸ்’ அழுத்தி எது 1, எது 2 என்று உறுதிப்படுத்துங்கள்; தவறான திரைக்குப் புரொஃபைல் போட்டுவிட்டு மணிக்கணக்காகத் தேடுவது சாதாரணமாக நடக்கிறது. ‘யூஸ் மை செட்டிங்ஸ்’ என்ற பெட்டியில் டிக் போட்டு, ‘ஆட்’ மூலம் எஸ்ஆர்ஜிபி ஐஇசி61966-2.1 என்பதைச் சேர்த்து, அதையே டிஃபோல்ட் ஆக்குங்கள். வியூவரை மூடித் திறந்தால் மஞ்சள் போயிருக்கும். ஆனால் அகன்ற நிறப்பரப்புத் திரைக்கு இது முதலுதவி மட்டுமே. அங்கே கலிபிரேட்டர் என்ற திரை நிறம் அளக்கும் கருவியை வைத்து அளந்துதான் புரொஃபைல் செய்ய வேண்டும். செய்யும்போது பதிப்பு 2, மேட்ரிக்ஸ் வகையைத் தெரிவு செய்யுங்கள்; பதிப்பு 4, அட்டவணை வகைகளில் பழைய வியூவர்கள் தடுமாறும்.

விண்டோஸோடு வரும் ஃபோட்டோஸ் செயலி ஸ்டோர் வழியாகத் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, நிறம் கையாளும் விதமும் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்திருக்கிறது. பிள்ளைகளின் பிறந்தநாள் படம் பார்க்கப் போதும். நிறத்தைப் பற்றி முடிவெடுக்க அதை வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

இர்ஃபான்வியூவின் வேகத்துக்கு ஈடு குறைவு, பழைய மெஷின்களிலும் பறக்கும். ஆனால் நிற நிர்வாகம் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். பிளக்இன் தொகுப்பைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும். பிறகு செட்டிங்ஸில் ஸூம், கலர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய் நிற நிர்வாகத்தை இயக்கி, மொனிட்டரின் தற்போதைய புரொஃபைலைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். ‘இர்ஃபான்வியூவில் நிறம் பிழை’ என்று சொல்லும் பலர் இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. எக்ஸ்என்வியூ எம்பியில் பிளக்இன் தேடி அலைய வேண்டாம்; செட்டிங்ஸில் ஐசிசி பகுதியில் படத்தின் புரொஃபைல், மொனிட்டரின் புரொஃபைல் இரண்டையும் இயக்கினால் சரி. ஆயிரம் படத்தில் நூறைப் பொறுக்கும் வேலைக்கு என் தெரிவு இதுதான். இரண்டும் சொந்தப் பாவனைக்குத்தான் இலவசம். ஸ்டூடியோவில் தொழிலுக்கு வைத்திருந்தால் உரிமம் வாங்க வேண்டும். இதை ஒருவரும் கவனிப்பதில்லை. ஃபாஸ்ட்ஸ்டோன் வியூவரில் எஃப்12 அழுத்தினால் வரும் செட்டிங்ஸில் சிஎம்எஸ், அதாவது நிற நிர்வாகப் பக்கம். அங்கேயும் இயக்கினால்தான் உண்டு.

பிரவுசர்களில் குரோம், புரொஃபைல் இல்லாத படத்தையும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு மாற்றிக் காட்டும். ஃபயர்ஃபொக்ஸ் வழமையான நிலையில் புரொஃபைல் உள்ளதை மட்டும் மாற்றும். அதன் உள் அமைப்புகளில் கலர் மேனேஜ்மென்ட் மோட் என்பதை 2 இலிருந்து 1 ஆக்கி, மூடித் திறந்தால் எல்லாவற்றையும் மாற்றும். அவசரத்துக்குச் சரிபார்க்கக் குரோம் நல்ல சாட்சி.

வியூவரைக் குற்றம் சொல்லுமுன் இரண்டு இடம் பார்க்கவேண்டும். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது; திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட் சூரிய மறைவோடு இயங்கும்படி இருந்தால், மாலை வேலை எல்லாம் மஞ்சள் திரையில்தான். மற்றது விண்டோஸ் 11 இன் தானியங்கி நிற நிர்வாகம். அது இயங்கும்போது விண்டோஸே நிறத்தை மாற்றுவதால், பழைய மென்பொருள்கள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்குள் அடங்கிவிடும், மேலே சொன்ன சிவப்புச் சோதனையும் பொருந்தாது. குறிப்பிட்ட மென்பொருளுக்கு மட்டும் விலக்கு வேண்டுமானால், அதன் புரொப்பர்ட்டீஸில் கொம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் ‘லெகசி டிஸ்பிளே ஐசிசி’ என்று தொடங்கும் பெட்டி இருக்கிறது.

எதிர்ப்பக்கக் குறை, அதாவது நிறம் செத்துப்போய்த் தோல் சாம்பலாகத் தெரிவது, பெரும்பாலும் கமராவில் தொடங்குகிறது. கோப்பின் பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கமரா அடோபி ஆர்ஜிபியில் இருந்திருக்கிறது. கெனன் போன்றவை ஐசிசி புரொஃபைலைப் படத்துக்குள் வைக்காமல் எக்ஸிஃப் எனப்படும் கோப்புத் தகவல் பகுதியில் ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிடும். அந்தக் குறிப்பைப் பார்க்காத வியூவர் எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக் காட்ட, சிவப்பு மங்கிவிடும். ஃபோட்டோஷொப்பில் ‘அசைன் புரொஃபைல்’ மூலம் அடோபி ஆர்ஜிபி என்று குறித்து, அதன் பிறகே ‘கன்வேர்ட் டு புரொஃபைல்’ மூலம் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் மங்கல் நிரந்தரமாகிவிடும்.

பென் டிரைவில் படம் கொடுக்கும்போது மணமகள் வீட்டுக் கொம்பியூட்டரில் என்ன வியூவர் என்று யாருக்கும் தெரியாது. எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலை உள்ளே வைத்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தப் புரொஃபைலுக்கு ஒரு படத்தில் செலவாவது ஏறக்குறைய 3 கிலோபைட்.