கார் இன்சூரன்ஸில் பிள்ளையின் பெயரை "எடுத்தாச்சு" என்று போனில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

அமெரிக்காவில் வசிக்கும், பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகள் உள்ள பெற்றோர் தயவுசெய்து இதைப் படியுங்கள். பல குடும்பங்கள் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கின்றன.

மகளுக்கு வேறு ஊரில் வேலை, தனி வீடு. பெற்றோர் ஏஜென்டைக் கூப்பிட்டு, தங்கள் கார் பாலிசியிலிருந்து மகளின் பெயரை நீக்கச் சொல்கிறார்கள். "எடுத்தாச்சு" என்று பதில் வருகிறது. ஆனால் அடுத்த ஆறு மாதப் பாலிசிக்கும் பழைய பிரீமியமே வங்கியிலிருந்து போகிறது. கேட்டால், முகவரிச் சான்று வராததால் கோரிக்கை நிலுவையில் இருக்கிறதாம். சான்று தர வேண்டும் என்று முதலில் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். போன பணத்தைக் கேட்டால், பின்தேதியிட்டு மாற்ற முடியாது என்று கையை விரிப்பார்கள்.

இதைவிட ஆபத்தானது, நீக்குவதற்குப் பதிலாக "எக்ஸ்க்ளூடட் டிரைவர்" (விலக்கப்பட்ட ஓட்டுநர்) படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது. பிரீமியம் குறையும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்த பிள்ளை அப்பா காரை எடுத்துப்போய் மோதினால், பெரும்பாலும் அந்த விபத்துக்குக் காப்பீடே கிடையாது. வேறு வீட்டில் வசிக்கும் பிள்ளையை வெறுமனே நீக்கியிருந்தால், எப்போதாவது அனுமதியோடு ஓட்டுவதைப் பல பாலிசிகள் ஏற்கும். அதனால் எந்தப் படிவத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹெல்த் இன்சூரன்ஸில் 26 வயதோடு பிள்ளை வெளியேறுவதுபோல் இங்கே வயது வரம்பு எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், 30 வயதானாலும் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் கிளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டி மறுக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையை நீக்கவே வேண்டாம். கார் இல்லாமல் 100 மைலுக்கு அப்பால் படித்தால் பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன, அதைக் கேளுங்கள்.

பிள்ளை ஓட்டும் காரின் டைட்டில் (உரிமைப் பத்திரம்) அப்பா பெயரில் இருந்தால் வரிசை முக்கியம். முதலில் டைட்டிலை மாற்றுங்கள். கலிபோர்னியாவில் பெற்றோர், பிள்ளை இடையிலான மாற்றத்துக்கு ஸ்மாக் (புகைப் பரிசோதனை) சான்றிதழ் பொதுவாகத் தேவையில்லை. மாற்றும் நாளிலேயே பிள்ளையின் சொந்தப் பாலிசி தொடங்கட்டும், உங்கள் பாலிசியிலிருந்து பெயரும் காரும் அதே தேதியில் போகட்டும். இடையில் சில நாள் விடுபட்டாலும் புது நிறுவனம் கட்டணத்தை ஏற்றலாம். நியூயார்க்கில் பதிவு நடப்பில் இருக்கும் காருக்குக் காப்பீடு விட்டுப்போனால் முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர் அபராதம், பிறகு அது இன்னும் ஏறும். அங்கே காரை ஓட்டாமல் நிறுத்துவதென்றால் நம்பர் பிளேட்டை ஒப்படைத்த பிறகே பாலிசியை ரத்து செய்யுங்கள்.

கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: பெயர், நீக்க வேண்டிய தேதி, புது முகவரிக்கான வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் புதுப் பாலிசி நகல். பதிலாகத் திருத்திய டெக்லரேஷன் பக்கத்தை (பாலிசியின் சுருக்க விவரப் பக்கம்) கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, விலக்கப்பட்டவர் பட்டியலுக்குப் போயிருக்கிறதா, மீதி நாட்களுக்கான பிரீமியம் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தடித்தால் உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அம்ப்ரெல்லா பாலிசி (கார், வீட்டுப் பாலிசிகளின் வரம்புக்கு மேலான கூடுதல் பொறுப்புக் காப்பீடு) வைத்திருப்பவர்கள் அதிலும் ஓட்டுநர் பட்டியலை மாற்றச் சொல்லுங்கள். கார் பாலிசியில் செய்த மாற்றம் அங்கே தானாகப் போய்ச் சேராது.