லிங்க்ட்இன் எண்டார்ஸ்மென்ட்: ரொம்ப நாள் வைத்திருந்தவனின் அனுபவம்

என் லிங்க்ட்இன் ப்ரொஃபைலில் ஸ்கில்ஸ் பகுதியைத் திறந்தால், அதிக எண்டார்ஸ்மென்ட், அதாவது 'இவருக்கு இந்தத் திறமை உண்டு' என்று தெரிந்தவர்கள் ஒரே அழுத்தில் தரும் சான்று, வாங்கியிருப்பது க்யூடிபி. அப்போது எச்பி நிறுவனத்திடம் இருந்த அந்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் டூலுக்கு 2012லேயே யூஎஃப்டி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நான் அதைத் தொட்டே பல வருஷம் ஆகிறது, இப்போது ஒரு ஸ்க்ரிப்ட்டைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் விழிப்பேன். ஆனாலும் அறுபது பேருக்கு மேல் நான் அதில் கெட்டிக்காரன் என்று சான்று சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு எனக்குச் சோறு போடும் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்குக்கு (கூட்டம் ஏறினாலும் சாஃப்ட்வேர் வேகமாக ஓடுகிறதா என்று சோதிப்பது) விழுந்திருப்பது நான்கே நான்கு. அந்த நான்கில் ஒருவர் என் சித்தப்பா பையன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நூல் சப்ளை செய்கிறார்.

இந்த வசதி வந்தது 2012 செப்டம்பரில். முதலில் திறந்துவிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், யாருடைய பக்கத்துக்குப் போனாலும் மேலே ஒரு பெரிய நீலப் பெட்டி வந்து நிற்கும்: இவருக்கு இந்தத் திறமைகள் இருக்கிறதா? கீழே நான்கு முகங்கள், நான்கு ஸ்கில்கள், நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே அழுத்தில் முடித்துக்கொள்ள ஒரு பட்டன். மூடினால் அடுத்த நான்கு பேர். நீங்கள் ஒருவருக்கு அழுத்தினால் அவருக்கு மெயில் போகும், மெயிலைப் பார்த்து அவர் உள்ளே வருவார், வந்தவர் கண்ணில் இன்னொரு நான்கு முகம் படும். ஆட்களைத் திரும்பத் திரும்பத் தளத்துக்கு வரவழைக்க இதைவிட மலிவான வழி கிடைக்காது, அந்த விதத்தில் யோசித்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் ஒருவருக்கு வேலை தெரியுமா என்று அறிந்துகொள்ள இதில் எந்த இடத்தில் வழி இருக்கிறது? மூடிப்போன ஆர்குட் தளத்தில் நண்பர்களுக்கு ஸ்மைலியும் ஐஸ் கட்டியும் இதயமும் போட்டு மார்க் கொடுத்தோமே, எனக்கு இது அதன் ஆபீஸ் சட்டை போட்ட தம்பியாகத்தான் தெரிகிறது. அங்கே அது விளையாட்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

சரி, க்யூடிபி ஏன் முன்னால் நிற்கிறது? காரணம் சாதாரணமானது. இந்த எண் பொதுவாக ஏறுமே தவிர இறங்காது. 2013 வாக்கில் எல்லாருக்கும் இது புதுசு, சென்னை ஓஎம்ஆரில் ஒரே ஃப்ளோரில் உட்கார்ந்திருந்த மொத்த டீமும் ஒருவருக்கொருவர் அழுத்திக்கொண்டது. அப்போது என் பட்டியலில் மேலே இருந்தது க்யூடிபி. மேலே இருப்பதைத்தான் ஜனங்கள் அழுத்துவார்கள், அழுத்த அழுத்த அது மேலேயே நிற்கும். பின்னால் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்குக்கான ஜேமீட்டர் டூலைக் கற்றுக்கொண்டு அதிலேயே முழு நேரமும் ஓட ஆரம்பித்தபோது அழுத்துகிற மோகம் எல்லாருக்கும் தீர்ந்துபோயிருந்தது. ஆக, என் ப்ரொஃபைலில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்தால் தெரிவது 2013இல் என் நண்பர்கள் எவ்வளவு சும்மா இருந்தார்கள் என்பதுதான். பதினைந்து வருஷ அனுபவத்தைத் தாண்டிய யார் ப்ரொஃபைலையும் எடுத்துப் பாருங்கள், பழைய, கைவிட்ட ஸ்கில் கொழுத்துப்போய் இருக்கும், புதுசு எலும்பும் தோலுமாகக் கீழே கிடக்கும்.

அடுத்தது பதிலுக்குப் பதில் சமாச்சாரம். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான் இது நடக்கிறது, வாங்கியவர் திருப்பிச் செய்யாவிட்டால் வருத்தம் வரும். முன்பின் தெரியாத ஒருவர் காலையில் எனக்கு 'லீடர்ஷிப்' என்று அழுத்திவிட்டு மத்தியானம் மெசேஜ் அனுப்பினார்: 'உங்களுக்குப் போட்டுவிட்டேன் சார், நேரம் கிடைக்கும்போது எனக்கும் போட்டுவிடுங்கள்.' நான் அவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, எனக்குக் கீழே ஆள் இருந்ததா என்பதும் அவருக்குத் தெரியாது. மொய்யிலாவது கைக்காசு போகும், இதில் அதுவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மொத்தமாகப் போட்டுத்தரும் ஆட்களும் இணையத்தில் இருக்கிறார்கள்.

கல்லூரிப் பக்கம் கதை இன்னும் முற்றிவிட்டது. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா பொண்ணு சொன்னாள், அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஏற்பாடாம், ரோல் நம்பர் வரிசைப்படி உனக்கு அடுத்த ஐந்து பேருக்கு நீ போட வேண்டும். அதில் ஒரு பையன் பைத்தானே இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை, அவனுக்கு 'மெஷின் லேர்னிங்' முப்பதைத் தாண்டிவிட்டது. "நீயும் போட்டியா?" என்றேன். "போடலன்னா எனக்கு விழாதே மாமா" என்றாள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லி என்ன பயன், ப்ளேஸ்மென்ட் சமயத்தில் லிங்க்ட்இன் பக்கம் 'ஸ்ட்ராங்காக' இருக்க வேண்டும் என்று மேலே இருந்து சொன்னால் அவர்களும் வேறு என்ன செய்வார்கள்.

நான் சில வருஷமாக இன்டர்வியூ பேனலிலும் உட்காருகிறேன். ஒரு ஆள் வந்தார், பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங்கில் 99+. அதற்கு மேல் எண்ணை வெளியே காட்ட மாட்டார்கள், அதாவது நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியையே கேட்டேன்: சராசரி ரெஸ்பான்ஸ் டைம் 2 நொடி, 95ஆவது பர்சன்டைல் 11 நொடி, கிளையன்ட்டிடம் என்ன சொல்வீர்கள்? "ஆவரேஜ் எஸ்எல்ஏக்குள்ள இருக்கு சார், பாஸ் போட்டுடலாம்" என்றார். எஸ்எல்ஏ என்பது கிளையன்ட்டுக்கு ஒப்புக்கொண்ட அளவு. நூறில் ஐந்து ரிக்வெஸ்ட் 11 நொடிக்கு மேல் இழுக்கிறது, அந்த ஐந்தும் பணம் கட்டுகிற பக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று எடுத்துக் கொடுத்தும் பார்த்தேன், ஆவரேஜிலிருந்து அவர் இறங்கவே இல்லை.

அதே வாரம் இன்னொரு பெண் வந்தார். சின்ன கம்பெனி, ஸ்கில்ஸ் பட்டியலில் ஒரு எண்டார்ஸ்மென்ட்கூட இல்லை, ப்ரொஃபைலில் போட்டோவும் இல்லை. அதே கேள்வி. "எந்த ட்ரான்சாக்‌ஷன் சார், லாகினா பேமென்ட்டா?" என்று முதலில் என்னைக் கேட்டார். பேமென்ட் என்றேன். "ராம்ப்-அப் நேரத்து சாம்பிளையும் சேர்த்துக் கணக்குப் போட்டீங்களா? அதைக் கழிச்சும் 11 நொடி வந்தா ரிலீஸுக்கு விடக் கூடாது." ராம்ப்-அப் என்பது டெஸ்ட்டின் ஆரம்பத்தில் யூசர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் நேரம். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அவரை எடுத்தோம்.

அந்த 99+ ஆளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் முன்பு நான் ஒரு வேலை செய்திருந்தேன். எண்டார்ஸ் செய்தவர்கள் பட்டியலில் எனக்குத் தெரிந்த பழைய டீம் லீட் ஒருவர் பெயர் இருந்தது, விசாரிக்கலாம் என்று போன் போட்டேன். "யாரு... எங்க டீமா? எந்த வருஷம்?" என்று இழுத்தார். "நீங்கதான் ஜி போட்டிருக்கீங்க." "நானா? போட்டிருப்பேன்பா, அப்பல்லாம் பெட்டி வந்துக்கிட்டே இருக்கும்ல." பெயரோடு வரும் சான்றாவது விசாரிக்க உதவும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் இந்த லட்சணம்தான்.

லிங்க்ட்இன்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை, அவ்வப்போது ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். 2016இல் மொத்த எண்ணிக்கையோடு, கூட வேலை பார்த்தவர்கள், அதே துறையில் தேர்ந்தவர்கள் யாராவது எண்டார்ஸ் செய்திருந்தால் அதைத் தனியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். இருந்ததில் உருப்படியான மாற்றம் அதுதான், ஆனால் 'தேர்ந்தவர்' என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில் இதே எண்டார்ஸ்மென்ட்டும் எவ்வளவு கலந்திருக்கும் என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. அப்புறம் அழுத்தியவரிடம் 'இவரை எப்படித் தெரியும், இதில் எவ்வளவு கெட்டி' என்று கேட்டுப் பார்த்தார்கள். 2019இல் ஸ்கில் அசெஸ்மென்ட் என்று ஆன்லைன் பரீட்சையே வைத்தார்கள், முதல் 30 சதவீதத்துக்குள் வந்தால் பேட்ஜ். கேள்விகளும் விடைகளும் ப்ரோக்ராமர்கள் கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் வரிசையாகக் கிடந்தன. 2023இல் அந்தப் பரீட்சையை மூடிவிட்டார்கள். அழுத்துகிற பட்டன் மட்டும் எல்லாவற்றையும் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் ஸ்கில்ஸ் பகுதியே வேண்டாமா என்றால், வேண்டும். ரெக்ரூட்டர்கள் ஆள் தேடுவது ஸ்கில் பெயரைப் போட்டுத்தான். 'ஜேமீட்டர்' என்ற சொல் உங்கள் பட்டியலில் இல்லாவிட்டால் நீங்கள் அதில் புலியாக இருந்தாலும் தேடலில் சிக்குவது சந்தேகம். சொல் இருப்பதுதான் முக்கியம், அதற்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்பதை இத்தனை வருஷத்தில் எந்தக் கன்சல்டன்சியும் என்னிடம் கேட்டதில்லை. மொத்த அனுபவம் எவ்வளவு, கரன்ட் சிடிசி (வருஷச் சம்பளம்) எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, இவ்வளவுதான் கேட்பார்கள். அதனால் இப்போது செய்கிற வேலையை இழுத்து மேலே வையுங்கள், செய்யாததைத் தூக்கிவிடுங்கள், அதோடு சேர்ந்து எண்டார்ஸ்மென்ட்டும் போனால் போகட்டும். எண்டார்ஸ்மென்ட் செட்டிங்ஸில் யாருக்கு எண்டார்ஸ் செய்யலாம் என்று நம்மை நச்சரிப்பதையும், நம் பெயரை மற்றவர்களிடம் நீட்டுவதையும் நிறுத்த சுவிட்ச் இருக்கிறது. இரண்டையும் அணைத்துவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது.

பலன் கொடுத்தது ரெக்கமென்டேஷன். ஒருவர் உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும், அவர் பெயரில் அது நிற்கும், அதனாலேயே தெரியாதவர்கள் எழுத மாட்டார்கள். என் பழைய மேனேஜர் மூன்று வரி எழுதியிருந்தார், அதில் மாசக் கடைசியில் விடிய விடிய ஓடிய பில்லிங் பேட்ச்சில் எந்த டேட்டாபேஸ் க்வெரி மாட்டிக்கொண்டிருந்தது என்று நான் கண்டுபிடித்ததைக் குறிப்பிட்டிருந்தார். பிறகு போன இன்டர்வியூக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முதல் கேள்வியே அந்த வரியிலிருந்துதான் வந்தது, தெரிந்த விஷயம் என்பதால் பேச்சும் நன்றாகப் போனது. உங்களுக்கும் வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் முடிந்த சூட்டோடு கேட்டு வாங்குங்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் அவருக்கும் ஒன்றும் ஞாபகம் இருக்காது, 'ஹார்ட் வொர்க்கிங், நல்ல டீம் ப்ளேயர்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.