கழிவு கேரட்: மாட்டுக்கா, எரிவாயுக் கலனுக்கா?

நீலகிரியில் கேரட்டைக் கழுவித் தரம் பிரிக்கும்போது உடைந்தது, வெடித்தது, கிளை விட்டது எல்லாம் ஓரமாகக் குவிந்துவிடும். அதை என்ன செய்வது?

அழுகாத கேரட் என்றால் என் ஓட்டு மாட்டுக்குத்தான். பெரிய செலவில்லை, அன்றைக்கே தீர்ந்துவிடும். ஆனால் முழுசாகப் போடவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொண்டால் வயிறு உப்பி மாட்டின் உயிருக்கே ஆபத்து. நறுக்கி, வைக்கோலோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கேரட்டில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர். அதை மட்டுமே தின்றால் சாணம் இளகிவிடும். பூஞ்சை பிடித்ததை மாட்டிடம் காட்டவே வேண்டாம்.

அழுகலுக்கு எரிவாயுக் கலன்தான் வழி, அதாவது கழிவைக் காற்றுப் புகாமல் மக்கவைத்து வாயு எடுக்கும் தொட்டி. ஹைதராபாத் போயன்பள்ளி சந்தையில் தினமும் சுமார் 10 டன் கழிவிலிருந்து 500 யூனிட் அளவுக்கு மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். முதலீடு பெரிது, சாக்குக் கயிறு, பிளாஸ்டிக் பொறுக்க ஆள் வேண்டும். வெறும் காய்கறியாகவே கொட்டினால் உள்ளே புளித்து வாயு வருவது நின்றுபோகும். சாணமும் கலந்து அளவாகத்தான் ஊட்ட வேண்டும். மிஞ்சும் கரைசல் தோட்டத்துக்கு நல்ல உரம்.

கேரட் கழுவும் சின்னக் கூடம் தனியாகக் கலன் கட்டுவது கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் சேர்ந்தால் தாராளமாக இறங்கலாம்.