ஆன்மாவா, ஐந்து கந்தங்களா: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

கர்மம், தர்மம், சம்சாரம், நிர்வாணம். இந்தச் சொற்கள் இந்து மரபிலும் உண்டு, பௌத்தத்திலும் உண்டு. ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் மறுபக்கமும் பாதி தெரிந்த மாதிரிதான் என்று நினைத்து வேதாந்தத்தில் ஆரம்பித்தேன். சில வருடங்கள் கழித்துப் பௌத்த நூல்களைத் திறந்தபோது ஒவ்வொரு சொல்லிலும் சறுக்கினேன். பழகிய சொல்லாயிற்றே என்று நிற்காமல் கடந்துவிடுவேன், பத்துப் பக்கம் தள்ளித்தான் தப்பாகப் படித்தது தெரியும். கடைசியில் பௌத்தச் சொற்களை அவற்றின் சொந்த விளக்கத்தோடு முதலிலிருந்து படித்தேன். அதனால், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பௌத்தப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். சம்சாரம் என்றால் பிறந்து இறந்து பிறக்கும் சுழற்சி, இரண்டு பக்கமும் அதிலிருந்து விடுபடுவதுதான் குறி. தர்மம் என்றால் இந்து மரபில் கடமை, ஒழுங்கு, அறம், நான்கு புருஷார்த்தங்களில் ஒன்று. பௌத்தத்தில் அது புத்தரின் போதனை, கூடவே அனுபவத்தில் தோன்றி மறையும் ஒவ்வொன்றுக்கும் அதே பெயர். கர்மத்தில் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் ஆழம். வேதச் சடங்கில் தொடங்கிய அந்தச் சொல் பிறகு சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரப்தம் (இப்போது பயன் தருவது), ஆகாமியம் (இனி சேர்வது) என்று வினைக் கணக்காக விரிந்தது. சைவ சித்தாந்தத்தில் வினைப்பயனை உயிருக்கு ஊட்டுபவன் இறைவன். புத்தரோ சேதனையை, அதாவது செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தையே கர்மம் என்றார், பயனைப் பங்கிட்டுத் தர அங்கே யாரும் இல்லை. கண் தெரியாத சக்குபாலர் என்ற துறவியின் காலடியில் பூச்சிகள் நசுங்கிய கதை உண்டு. கொல்லும் எண்ணம் இல்லாததால் அது அவருக்கு வினையாகவில்லை.

சரி, உண்மையில் எல்லாம் நிற்கிற இடம் ஆன்மாதான். இதைப் பிடிக்காமல் மற்ற சொற்களை எத்தனை தடவை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை என்பது என் அனுபவம்.

இரண்டு மரபும் இதற்கு ஒரே உவமையை எடுத்தன என்பது எனக்கு இன்னும் வியப்பு. கடோபநிடதத்தில் உடல் ஒரு தேர், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், ஆன்மா அதில் அமர்ந்து போகிறவன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மிலிந்தனும் நாகசேனர் என்ற துறவியும் பேசிக்கொள்வதாக அமைந்த பாலி நூலிலும் தேர் வருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார், அரசன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான். இவையெல்லாம் சேர்ந்திருக்கும்போது வழங்குகிற பெயர்தான் தேர், நாகசேனன் என்பதும் அப்படித்தான் என்று முடிகிறது. முதல் தேரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது தேரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வியே எழவில்லை, பாகங்கள் மட்டும்தான்.

ஒரு ஆளாகச் சேர்ந்து நிற்கும் அந்தப் பாகங்களுக்குத் தமிழிலேயே பெயர் இருக்கிறது. மணிமேகலை அவற்றை உருவு (உடல்), நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), குறிப்பு (இன்னதென்று அடையாளம் காண்பது), பாவனை (மனத்தின் உந்துதல்கள்), உள்ள அறிவு என்று ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாகச் சொல்கிறது. நான் வடமொழிப் பெயர்களோடு மல்லாடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன், முதலிலேயே இதில் தொடங்கியிருக்கலாம். ஏனென்றால் வடமொழிப் பெயர்கள் நமக்கு வேறு அர்த்தத்தில் பழகிப்போனவை. சம்ஸ்காரம் என்றதும் நமக்குச் சடங்கு ஞாபகம் வரும், விஞ்ஞானம் என்றால் அறிவியல். பௌத்தத்தில் இரண்டுமே இந்த ஐந்து கந்தங்களில் அடங்குபவை.

ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது எது? எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டினேன். கீதை சொல்வது, பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்துவது போல ஆன்மா வேறு உடலை எடுக்கிறது என்று. நாகசேனர் இரவு முழுக்க எரியும் ஒரு விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றா என்றால் ஒன்றில்லை, அதற்காக வேறு வேறு விளக்கும் இல்லை. ஆடை உவமையை மனதில் வைத்துக்கொண்டு சுடர் உவமையைப் படித்தால் நாமே உள்ளுக்குள் ஒரு ஆளை உட்கார வைத்துவிடுவோம். நான் வருடக்கணக்கில் செய்தது அதுதான்.

இதைப் பிடித்தபிறகு மோட்சமும் நிர்வாணமும் தானாகவே பிரிந்து நிற்கின்றன. மோட்சத்தில் விடுதலை பெற ஒருவன் உண்டு: சங்கரரின் அத்வைதத்தில் தான் பிரம்மமே என்று அவன் உணர்கிறான், இராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் இறைவனுக்கு அடிமையாக நிலைக்கிறான். நிர்வாணம் என்றால் அணைதல். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று நெருப்பும் அணைவது.

வேதாந்தப் பக்கத்தின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். பக்தி, அருள், சரணாகதி என்று அன்பைப் பேசும் சொற்கள் அங்கே மிக வளமானவை. அப்படித் தேடுபவர் தாராளமாக அங்கேயே தொடங்கலாம். தொடங்குபவருக்குச் சிரமம் என்னவென்றால், ஒரே சொல்லுக்குச் சங்கரர் ஒன்று சொல்வார், இராமானுஜர் இன்னொன்று சொல்வார், மத்வர் வேறொன்று சொல்வார்.

நான் படித்தது பெரும்பாலும் தேரவாதம், பாலி நூல்களைப் பின்பற்றும் பௌத்தப் பிரிவு. மகாயானம் என்ற மற்றப் பெரும் பிரிவில் என் வாசிப்பு குறைவு. அங்கே ததாகத கர்ப்பம் என்று எல்லோருக்குள்ளும் இருக்கும் புத்தத்தன்மையைப் பேசும்போது ஆன்மாவுக்கு மிக அருகில் போகிற மாதிரி எனக்குப் படுகிறது. எதிர்த்திசையிலும் இப்படி உண்டு, சங்கரரையே மறைமுக பௌத்தர் என்று எதிர்த்தரப்பினர் சாடியிருக்கிறார்கள். அதனால் நான் மேலே போட்ட கோடு எல்லா இடத்திலும் அவ்வளவு நேராக ஓடாது.

ஆன்மா கிடையாது என்று புத்தர் அடித்துச் சொன்னார் என்பதையும் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வச்சகோத்தன் என்ற துறவி வந்து ஆன்மா உண்டா என்று கேட்டான். அவர் பேசவில்லை. அப்படியானால் இல்லையா என்றான். அதற்கும் பேசவில்லை. அவன் எழுந்து போனபிறகு தன் சீடர் ஆனந்தரிடம் புத்தர் காரணம் சொன்னார்: இல்லை என்று சொல்லியிருந்தால், முன்பு எனக்கு ஒரு ஆன்மா இருந்தது, இப்போது அது போய்விட்டது என்று அவன் இன்னும் குழம்பியிருப்பான்.