நைரோபி – மாரா '45 நிமிட' விமானம்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் பேக்கேஜ் விற்பவர்கள் அனுப்பும் பயணத்திட்டத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: "காலை 8:30 நைரோபி வருகை. 10:00 மாரா விமானம், 45 நிமிடம்." பார்க்கக் கச்சிதம்தான். நம்பிப் பணம் கட்டினால் விமானமும் போகும், முதல் நாள் லாட்ஜ் வாடகையும் போகும்.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு விமான நிலையங்கள் ஒளிந்திருக்கின்றன. நீங்கள் இறங்குவது ஜோமோ கென்யாட்டா சர்வதேச விமான நிலையத்தில். மாராவுக்குப் போகும் சின்ன விமானங்களில் பெரும்பாலானவை கிளம்புவது வில்சன் என்ற இன்னொரு நிலையத்தில். இரண்டுக்கும் நேர்கோட்டில் 13 கி.மீ.கூட இல்லை. ஆனால் காலை நேரத்தில் மொம்பாசா சாலையில் வண்டி ஊரும். 2022-இல் திறந்த எக்ஸ்பிரஸ்வேயில் டோல் கட்டிப் பறந்தாலும், கீழே இறங்கி லங்காட்டா சாலை நெரிசலில் கலந்துதான் வில்சனை அடைய வேண்டும். இமிகிரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது எல்லாம் இதற்கு முன்பே. நடுவில் 4 மணி நேரம் விடுங்கள். வில்சனில் பொது டெர்மினலும் கிடையாது, விமான நிறுவனங்களுக்குத் தனித்தனி வாசல். டிரைவரிடம் நிறுவனத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த 45 நிமிடம். வில்சனிலிருந்து மாராவில் உள்ள கீகோரோக் ஓடுதளம் சுமார் 175 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. போகும் செஸ்னா கேரவன் என்ற சின்ன விமானத்துக்கு அது பெரிய தூரமில்லை, முதல் நிறுத்தம் அதுவாக இருந்தால். ஆனால் ஓல் கியோம்போ, முசியாரா, கிச்வா டெம்போ, மாரா செரீனா என்று ஓடுதளங்கள் பல. விமானம் டவுன் பஸ் மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி ஏறும். எது முதலில் என்பது அன்றைய பயணிகளைப் பொறுத்தது. உங்களுடையது கடைசியென்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

டிக்கெட்டில் வெறும் 'மாரா' என்று இருந்தால் விடாதீர்கள், ஓடுதளத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். லாட்ஜ் மாரா ஆற்றுக்கு மேற்கே ட்ரையாங்கிள் பகுதியில் இருக்க, உங்களைக் கீகோரோக்கில் இறக்கிவிட்டால், தான்சானியா எல்லையோரம் உள்ள பாலம்வரை சுற்ற வேண்டும். அந்த ஜீப் வாடகை பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

பெட்டி விஷயத்தை விற்கும்போது வாயே திறக்க மாட்டார்கள். வழக்கமான அளவு ஆளுக்கு 15 கிலோ, கைப்பையும் கேமராவும் சேர்த்து. கேரவனின் வயிற்றுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தட்டையான அறையில் பைகளை அமுக்கித் திணிப்பார்கள். சக்கரம் வைத்த கெட்டி சூட்கேஸ் அதில் நுழையாது. துணிப்பைதான் சரி. பலகாரத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

விமானத்தைத் தவறவிட்டால்? இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், வெளிநாட்டு விமானம் தாமதமானதற்கு வில்சனிலிருந்து பறக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது. பிற்பகல் விமானத்தில் இடம் இருந்தால் உண்டு. அதையும் விட்டால் மறுநாள்தான், ஏனென்றால் புல்வெளி ஓடுதளங்களில் இரவு விளக்கு கிடையாது, மாலை 6:30 வாக்கில் இருட்டிவிடும்.

மதியத்துக்கு மேல் நைரோபியில் இறங்குபவர்கள் அன்றே மாரா என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓர் இரவு நைரோபியில் தங்கிக் காலை விமானம் பிடிப்பதாகத் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். விற்பவர் முணுமுணுப்பார், விலை கூடும் என்பார். கூடட்டும். இரண்டு விமான நிலையங்களின் பெயரும், ஓடுதளத்தின் பெயரும், பை எடையும் எழுத்தில் வரும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.